டீச்சரின் கண்ணும் பெரிய தோட்டாவும்

"...தோளு என்னோடது, கண்ணும் என்னோடது. நீங்க பெருசையே எடுத்து வைங்கண்ணே" என்றார் டீச்சர். சொன்னவர் எங்கள் பக்கம் திரும்பவில்லை. விரிப்பில் குப்புறப் படுத்தபடியே, எதிரே இருந்த கரட்டுக் குன்றைப் பார்த்துச் சொன்னார்.

அண்ணன் என்று அவர் கூப்பிட்டது ஹவில்தாரை. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தபிறகு, எங்கள் கிளப்பின் துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் அவர்தான் பொறுப்பு. அவர் முன்னால் இரண்டு பெட்டிகள் இருந்தன. இரண்டையும் தொடாமல் என்னைப் பார்த்தார். நீ ஏதாவது சொல்லு என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். நான் தொலைநோக்கிக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். பேச்சில் நான் சளைத்தவன் இல்லை என்று கம்பம் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அன்றைக்கு மட்டும் தொலைநோக்கிக்குள் குனிந்துகொண்டேன்.

மயிலாடும்பாறைப் பக்கம், கல் வெட்டி முடித்துக் கைவிட்ட ஒரு குவாரி அது. முறையாக அனுமதி வாங்கி, சுற்றிலும் சிவப்புக் கொடி நட்டு, கிளப் அதைத் தூரச் சுடுதலுக்கு வைத்திருந்தது. குவாரியின் மேல்விளிம்பில் படுத்துக்கொண்டால் முன்னால் பெரிய பொட்டல். அதைத் தாண்டி ஒரு கரடு. அந்தக் கரட்டுச் சரிவில் ஒரு இரும்புத் தகடு நிற்கும். ஒரு மைலுக்குக் கொஞ்சம் குறைவான தூரம். வெறும் கண்ணால் பார்த்தால் கரடுதான் தெரியும், தகடு தெரியாது. "அங்கன ஒண்ணு இருக்குன்னு நம்பித்தான் சுடணும், கடவுள் மாதிரி" என்று ஹவில்தார் சொல்வார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "என்ன பாய், உங்க பக்கமும் அப்படித்தானே" என்பார்.

பெருசு, சிறுசு என்பவை நாங்கள் வைத்த பெயர்கள். சிறுசின் குண்டு ஆறரை மில்லிமீட்டர் பருமன் என்பதால் விற்கிறவர்கள் அதை 'ஆறரை' என்பார்கள். பெருசை 'த்ரீ தர்ட்டி எய்ட்' என்பார்கள். சிறுசு ஆள்காட்டி விரல் நீளம் இருக்கும். பெருசைக் கையில் எடுத்தால் உள்ளங்கை நிறைந்துவிடும், எடைக்கல்லைத் தூக்கிய மாதிரி இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித் துப்பாக்கி. ஒன்றின் தோட்டா மற்றதில் போகாது.

இந்த இரண்டில் ஒன்றைத்தான் அன்றைக்குச் சொல்லியாக வேண்டும். வடக்கே ஒரு புல்வெளியில் குளிர்காலத்தில் நடக்கிற போட்டிக்கு எங்கள் கிளப்பிலிருந்து ஒரு ஜோடியை அழைத்திருந்தார்கள். கிளப்பால் ஒரு வகைத் தோட்டாவைத்தான் வரவழைக்க முடியும். அதுவும் சொன்ன உடனே வந்துவிடாது, மாதக்கணக்கில் ஆகும். வந்தபிறகு அதோடு பழக வேண்டும். அன்று சாயங்காலத்துக்குள் எது என்று ஹவில்தார் பதில் அனுப்பவேண்டும்.

சிறுசு கிளம்பும்போது நல்ல வேகம்தான். ஆனால் இவ்வளவு தூரத்துக்கு அது தாங்காது. சத்தத்தைவிட வேகமாகப் பாய்ந்த குண்டு, தகட்டை எட்டும் முன்பே சத்தத்தின் வேகத்துக்குக் கீழே இறங்கிவிடும். அப்படி இறங்குகிற இடத்தில் ஒரு தள்ளாட்டம் வரும், சைக்கிள் மெதுவானதும் ஹேண்டில் ஆடுமே, அந்த மாதிரி. அதற்குப் பிறகு காற்று அதைப் பிடித்து இஷ்டத்துக்குத் தள்ளும். பெருசு கனம். அது எளிதில் களைக்காது. காற்றுக்கும் அவ்வளவாக வளைந்துகொடுக்காது. எல்லாவற்றையும்விட, விழுகிற இடத்தில் மண்ணைக் கிளப்பிக் காட்டிவிடும்.

அந்த மண்தான் என் பிழைப்பு. இது இரண்டு பேர் செய்கிற வேலை. சுடுகிறவருக்குத் துப்பாக்கி உதைக்கிற உதையில் குண்டு எங்கே விழுந்தது என்று தெரியாது. பக்கத்தில் தொலைநோக்கியோடு ஒருவர் உட்கார்ந்து, காற்று எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளுகிறது என்று முன்னால் சொல்லவேண்டும், குண்டு எங்கே விழுந்தது என்று பின்னால் சொல்லவேண்டும். டீச்சர் சுடுகிறவர். நான் பார்க்கிறவன்.

நான் இதைப் பள்ளிக்கூடத்தில் படித்தவன் இல்லை. கம்பத்துக்குப் பக்கத்தில் எனக்குத் திராட்சைப் பந்தல்கள். பழம் கறுக்கிற நேரத்தில் குருவி விரட்டுவதற்கு மினுமினுப்பு ரிப்பன் கட்டுவோம். மருந்து அடிக்கிற அன்றைக்கு அந்த ரிப்பன்களைப் பார்த்துக்கொண்டு நிற்பது என் பழக்கம். டீச்சர் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. சொந்த ஊர் ஜெயமங்கலம். ஒரு நாள் பழம் வாங்க வந்தவர், ரிப்பனைப் பார்த்து நிற்கிற என்னைப் பார்த்து, "என்ன பாய், யாருக்காகக் காத்திருக்கீக?" என்று கேட்டார்.

"காத்துக்காகத்தான். மொதப் பந்தல்ல ஓடுது, நடுப் பந்தல்ல நடக்குது, கடைசிப் பந்தல்ல உக்காந்திருக்கு. மூணும் உக்காரட்டும்னு நிக்கிறேன்."

"இதை யாரு சொல்லிக் குடுத்தா?"

"சொல்லிக் குடுக்க என்ன இருக்கு டீச்சர். காத்து தெரியாம அடிச்சா மருந்து பக்கத்துத் தோட்டத்துக்குப் போயிரும், சண்டை நம்ம தோட்டத்துக்கு வந்துரும்."

அவர் பழத்தை மறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் ரிப்பன்களையே பார்த்தார். அடுத்த வாரம் என்னை ஹவில்தார் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். "காத்து வாங்க வர்ற ஆளுகதான் இங்கன அதிகம். காத்தைப் பாக்குற ஆளு வந்தா நல்லதுதான்" என்றார் அவர்.

அதிலிருந்து சாயங்காலங்களில் டீச்சர் வீட்டு மொட்டை மாடியில்தான் எங்கள் பயிற்சி. துப்பாக்கி கிடையாது, தொலைநோக்கி மட்டும். பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கத்தில் ஒரு தென்னையைக் காட்டுவார். அதுவரைக்கும் உள்ள காற்றை நான் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் காற்று பிடிவாதக்காரன். பருவம் பிறந்துவிட்டால் குமுளிக் கணவாய் வழியாக இறங்கி, ஒரே திசையாக வாழைகளைக் கிழித்துக்கொண்டு போகும். ரிப்பன், வாழை இலை, தோப்புக்குள் எரிகிற குப்பையின் புகை, எல்லாம் ஒரே பக்கம் சாயும். ஒருமுறை தூரத்து மாடியில் காய்கிற ஒரு மஞ்சள் சேலையை வைத்துக் காற்றைச் சொன்னேன். "பாய், சேலையை விடுங்க, வாழையைப் பாருங்க. ஊருக்குள்ள ஒரு பேச்சு வந்துச்சுன்னா உங்க வீட்டுல எனக்குத்தான் மொத அடி" என்றார்.

என் வீட்டுக்காரி அடிக்கிற ஆள் இல்லை. ஆனால், "நம்ம பந்தல்ல இல்லாத காத்தா? அதுக்கு எதுக்குக் கல்லுக்குழி வரைக்கும் போறீக?" என்று மட்டும் கேட்பாள்.

டீச்சரின் கண் விஷயம் போன வருஷம் வந்தது. பள்ளி மைதானத்தில் நிற்கும்போது, வலது கண்ணில் முதலில் கொசு பறக்கிற மாதிரி இருந்ததாம். பிறகு ஒரு ஓரத்திலிருந்து கடை ஷட்டரை இறக்குகிற மாதிரி இருட்டு இறங்கியதாம். அன்றைக்கே மதுரைக்குக் கொண்டுபோனார்கள். கண்ணுக்குள்ளே விழித்திரை பிய்ந்திருந்தது. ஆபரேஷன் செய்து ஒட்டவைத்தார்கள். பார்க்கப் போனபோது தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு குப்புறக் கிடந்தார்.

"குப்புறவே படுத்திருக்கணும்னு டாக்டர் சொன்னாக பாய். காலேஜ்ல என்.சி.சி. சேர்ந்ததுல இருந்து நான் அப்படித்தானே படுத்துக் கிடக்கேன்னு சொன்னேன். சிரிக்கவே மாட்டேன்னுட்டாக."

அவர் படுக்கையில் இருந்த மாதங்களில் பெருசின் துப்பாக்கியைச் சுட்டுச் சரிபார்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. திராட்சைப் பெட்டி தூக்கிப் பழகிய தோள்தான். இருந்தும் ராத்திரி சட்டையைக் கழற்றியபோது, தோள்பட்டையில் ஊதா நிறத்தில் ஒரு பட்டை இருந்தது. வீட்டுக்காரி தைலம் தேய்த்துக்கொண்டே, "மாடு முட்டுச்சுன்னாலும் ஒரு நியாயம் இருக்கு" என்றாள். சுட்டது மோசமாக இல்லை என்று ஹவில்தார் சொன்னார். "கை இருக்கு உங்களுக்கு. ஆசைதான் இல்ல" என்றார். அது உண்மை. எனக்குப் பார்ப்பதில்தான் ருசி.

கண் ஆறியதும் டீச்சர் டாக்டரிடம் கேட்ட கேள்வியை எங்களிடம் நடித்தே காட்டினார். இனி துப்பாக்கி சுடலாமா என்று கேட்டிருக்கிறார். "சுவத்துல போஸ்டர் ஒட்டின மாதிரிம்மா இது. நான் ஒட்டிட்டேன். நீங்க அந்தச் சுவத்தைச் சுத்தியலால அடிப்பேன்னு சொன்னா நான் என்ன சொல்லுறது?" என்றாராம் டாக்டர். எவ்வளவு பெரிய சுத்தியல் என்பதுதானே விஷயம் என்று டீச்சருக்குத் தோன்றியிருக்கிறது. எழுந்துபோய் டாக்டரின் தோளில் உள்ளங்கையை வைத்து ஒரு தள்ளு தள்ளியிருக்கிறார். இது சிறுசு. டாக்டர் யோசித்துவிட்டு, கண்ணை மாதாமாதம் காட்டுவதாக இருந்தால் பார்க்கலாம் என்றாராம். அடுத்து, இது பெருசு என்று சொல்லித் தள்ளியிருக்கிறார். சக்கரம் வைத்த மேஜை நாற்காலி டாக்டரோடு போய்ச் சுவரில் முட்டி நின்றதாம். "இது வேண்டாம். இது கண்டிப்பா வேண்டாம்" என்றாராம், சுவரில் சாய்ந்தபடியே. இடது தோளில் வைத்துச் சுட்டால் என்று கேட்டதற்கு, "குலுங்குறது தலைம்மா. தலை ஒண்ணுதானே இருக்கு" என்றிருக்கிறார். இடது கண்ணின் திரையும் மெல்லிசுதான் என்று அப்போதுதான் சொன்னாராம்.

அந்தக் கடைசிச் சேதியை மட்டும் டீச்சர் நடிக்கவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னார்.

ஆக, இந்தத் தூரத்துக்கு அது தாங்காது என்று ஹவில்தார் சொல்லியும், சிறுசு என்றே முடிவெடுத்திருந்தோம். தொல்லை என்னிடமிருந்து வந்தது. சிறுசு விழுகிற இடம் எனக்குத் தெரியவில்லை. தகட்டில் பட்டால் மெலிசாக ஒரு 'டங்' திரும்பி வரும், அதுவும் காற்று நம் பக்கம் வந்தால்தான். தப்பினால் ஒரு சிட்டிகைத் தூசி எழும். புதரோரம் விழுந்தால் அதுவும் இல்லை. விழுந்த இடம் தெரியாவிட்டால் அடுத்ததை எங்கே வைப்பது?

அதற்கு நான் கண்டுபிடித்த வழி எங்கள் பக்கத்து ஆளுக்குத்தான் தோன்றும். திராட்சைக்கு நாங்கள் நோய் மருந்தாகச் சுண்ணாம்பும் மயில்துத்தமும் கலந்து அடிப்போம். தோட்டத்தில் சுண்ணாம்பு மூட்டை கிடந்தது, மருந்தடிக்கிற மிஷின் இருந்தது. இரண்டையும் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய், தகட்டைச் சுற்றிக் கரட்டுச் சரிவு முழுக்க வெள்ளையடித்துவிட்டேன். காய்ந்ததும் குண்டு விழுந்த இடத்தில் எல்லாம் சுண்ணாம்பு பெயர்ந்து சிவப்பு மண் தெரிந்தது, வெள்ளை வேட்டியில் வெற்றிலை எச்சில் பட்ட மாதிரி. அன்றைக்கு நான் சொல்லச் சொல்ல டீச்சர் தகட்டை நோக்கி நகர்ந்துகொண்டே வந்து, கடைசியில் அடுத்தடுத்து அடித்தார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. டீச்சர் எழுந்து வந்து கையைக் குலுக்கினார். கண்ணும் பிழைத்தது, போட்டியும் பிழைத்தது என்று நினைத்தோம்.

ஹவில்தார் டீயைக் குடித்து முடித்துவிட்டு நிதானமாகக் கேட்டார். "ரொம்ப நல்லாருக்கு பாய். போட்டிக்குப் போறப்ப மிஷினை ரயில்ல ஏத்துறீகளா, லாரியில அனுப்புறீகளா?"

நாங்கள் இரண்டு பேரும் மிஷினைப் பார்த்தோம்.

"அங்கன புல்லுக்காடு. குளிர்ல ஈரம் வேற. தூசியே எந்திரிக்காது. சுண்ணாம்பு இல்லாம ஒரு நாள் சுட்டுப் பாத்துட்டு, அப்புறம் எதுன்னு சொல்லுங்க."

அந்த ஒரு நாள்தான் அன்றைக்கு. இடையில் பெய்த மழையில் சுண்ணாம்பெல்லாம் கரைந்து, கரடு பழையபடி செம்மண்ணும் கொஞ்சம் புல்லும் வெள்ளைக் கல்லுமாக இருந்தது. தகட்டுக்கு மட்டும் புதிதாக வெள்ளை பூசியிருந்தோம். மண்ணில் இன்னும் ஈரம் இருந்தது. ஹவில்தார் கேட்ட நிலைமை அப்படியே அமைந்துவிட்டது.

வெயில் ஏறுவதற்கு முன்னால் டீச்சர் சிறுசோடு படுத்தார். நான் காற்றைப் பார்த்தேன். குவாரி விளிம்பில் நட்டிருந்த கொடிகளும் பக்கத்து வேலிமரங்களும் இடமிருந்து வலமாகச் சாய்ந்தன. எங்கள் ஊர்க் காற்றுத்தான், எனக்குப் பழக்கமானதுதான். அது வலமாகத் தள்ளுகிற அளவுக்குக் குறியைத் தகட்டுக்கு இடப்பக்கம் இரண்டு கோடு தள்ளி வைக்கவேண்டும். "இடது ரெண்டு பிடிங்க டீச்சர்" என்றேன். சுட்டார். ஒரு மூச்சை முழுசாக இழுத்து விடுகிற நேரம் ஆகும் குண்டு போய்ச் சேர. கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தேன். கரடு அப்படியே இருந்தது.

"எங்கன பாய்?"

"தெரியல டீச்சர்."

இன்னொன்று. "எங்கன?" தெரியவில்லை. இன்னொன்று. அதற்குப் பிறகு அவர் எங்கன என்று கேட்பதையே விட்டுவிட்டார். வாயில் ஒரு பொய் வந்து நின்றது. வலது ஓரமாப் போச்சு என்று சொல்லியிருக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது. ஆனால் நான் சொல்வதை நம்பித்தான் அவர் அடுத்ததை வைப்பார். அவர் பார்க்கமுடியாத இடத்தை அவருக்காகப் பார்க்கத்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன். வாயில் வந்ததை விழுங்கிவிட்டுத் தெரியல என்றே சொன்னேன்.

பிறகுதான் டீச்சர் ஆரம்பித்தார். "பாய் மேல குத்தம் இல்ல. இந்த ஈரத்துல யாருக்கும் தெரியாது. பெருசுன்னா அவருக்குத் தெரியும். பெருசுல ஒண்ணு சுட்டுப் பாத்துருவோம். தோளு என்னோடது, கண்ணும் என்னோடது. நீங்க பெருசையே எடுத்து வைங்கண்ணே."

எனக்கு உறைத்தது அதன் நடுவில் இருந்த ஒரு வார்த்தைதான். அவருக்குத் தெரியும். எனக்குத் தெரிவதற்காக அவர் அந்த உதையை வாங்கப்போகிறார். என் கண்ணுக்குப் பதில் அவர் கண்.

"ஆத்தா, டாக்டரு அவ்வளவு சொல்லியிருக்காரே" என்றார் ஹவில்தார்.

"ஒண்ணுல ஒண்ணும் ஆயிராதுண்ணே. முனையில உதை குறைக்கிற பிரேக்கு மாட்டியிருக்குல்ல."

"பிரேக்கு தோளுக்கு. மண்டைக்குள்ள விழுற அறைக்கு எவன் பிரேக்கு மாட்டுவான்?"

"அப்ப போட்டிக்குச் சும்மா போயிப் பாத்துட்டு வரவா? சமோசா வாங்கித் தின்னுட்டு?"

எனக்கு அப்போதுதான் வாய் திறந்தது. "டீச்சர், நீங்க பெருசை எடுத்தா நான் இதுக்குப் பின்னால உக்காரமாட்டேன்."

"உக்காராதீக. அண்ணன் பாப்பாரு."

"நான் பாக்கமாட்டேன் ஆத்தா. எனக்குக் கண்ணாடியே சோடாபுட்டி."

"அப்ப நான் ஒத்தையாளாச் சுட்டுக்கிறேன். ரெண்டு ஆம்பளையும் டீ குடிங்க."

சிரிப்பதற்கு நேரம் இல்லை. கிளப்பின் உறுப்பினர் கேட்டால் எடுத்துக் கொடுக்கவேண்டியது ஹவில்தாரின் கடமை. அவர் கடமை தவறாதவர். அன்றைக்கு அது எனக்குப் பிடிக்கவில்லை. பெரிய துப்பாக்கியை எடுத்து, விரிப்பின் முன்னால் அதன் இரண்டு காலையும் விரித்து வைத்தார். பெட்டியைத் திறந்து ஒரே ஒரு தோட்டாவை எடுத்து டீச்சரின் உள்ளங்கையில் வைத்தார். இன்னொன்றை எடுக்காமல் பெட்டியை மூடித் தன் காலுக்கடியில் தள்ளிக்கொண்டார்.

டீச்சர் தோட்டாவைத் துடைத்தார். போட்டார். பூட்டினார். அந்தக் குவாரிக்குள் பூட்டுகிற சத்தம் எவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்று அதற்கு முன்னால் நான் கவனித்ததில்லை. கன்னத்தைக் கட்டையில் வைத்தார். வலது கண்ணை, ஆபரேஷன் செய்த அந்தக் கண்ணை, துப்பாக்கியின் பார்வைக்கண்ணாடிக்கு நேரே கொண்டுவந்தார். உட்காரமாட்டேன் என்று சொன்ன நான் உட்கார்ந்துதான் இருந்தேன். அவர் சுடுவதாக இருந்தால் யாராவது பார்த்துத்தானே ஆகவேண்டும்.

"காத்து சொல்லுங்க பாய்."

நான் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்தேன்.

"பாய். காத்து."

"நில்லு, நில்லு. ஆடு" என்று ஹவில்தார் கத்தினார்.

கரட்டின் அடிவாரத்தில், கொடியைத் தாண்டி, நாலைந்து ஆடுகள் உள்ளே வந்திருந்தன. பின்னால் மேய்க்கிற ஆள் ஓடிவருவது புள்ளியாகத் தெரிந்தது. டீச்சர் உடனே பூட்டைத் திறந்து தோட்டாவை வெளியே எடுத்தார். அவர் உயிரே போகிற அவசரத்தில் இருந்தாலும் இதில் தவறமாட்டார். வெறும் துப்பாக்கியை வாய் திறந்தபடி வைத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். ஹவில்தார் விசிலை எடுத்துக்கொண்டு விளிம்புக்குப் போய் ஊதினார்.

"தள்ளுங்க பாய், எங்கன நிக்குதுக பாப்போம்" என்று டீச்சர் தொலைநோக்கிக்கு வந்தார். நான் எழுந்து முக்காலியை விட்டேன். ஆபரேஷன் கண்ணில் தொலைநோக்கியை அழுத்தக் கூசி, இடது கண்ணை வைத்தார். கொஞ்ச நேரம் ஆட்டைத்தான் பார்த்திருப்பார். பிறகு தொலைநோக்கி மெதுவாக மேலே ஏறியது.

"பாய், தகட்டுக்கு இடது பக்கம், கீழ, வெள்ளைக் கல்லு ஒண்ணு இருக்கே."

"ஆமா."

"காலையில நாம பாத்தப்ப அது முழுசாத்தானே இருந்துச்சு?"

நான் யோசித்தேன். முழுசாகத்தான் இருந்தது.

"ஒரு முனை போயிருச்சு. புதுசா உடைஞ்ச வெள்ளை. அதுக்குப் பக்கத்துல புல்லு ரெண்டு தாரை கிழிஞ்சு கிடக்கு. எல்லாம் இடது பக்கந்தான். சிறுசு அங்கனதான் விழுந்துக்கிட்டு இருந்திருக்கு."

"இடதா? காத்து வலமால்ல தள்ளுது?"

"நீங்க இடது ரெண்டு பிடிக்கச் சொன்னீக. காத்து வலமாத் தள்ளியிருந்தா தகட்டுக்கு வந்திருக்கும். தள்ளவே இல்ல." கண்ணை எடுக்காமல் பேசினார். "வெயில் ஏறவும் இந்தப் பொட்டலுக்கு நடுவுல கானல் ஓடுது பாருங்க, காத்து போற பக்கந்தான் அதுவும் போகும். கிட்டத்துல வலமாப் போகுது. நடுவுல எதிர்ப்பக்கமாத் திரும்பி இடமாப் போகுது. வருசநாட்டு மலையைச் சுத்திக்கிட்டு இன்னொரு காத்து வருது பாய். ரெண்டும் நடுவுல சண்டை போட்டுக்கிட்டு ஒண்ணுமில்லாம ஆகுது."

எனக்கு முகத்தில் யாரோ தண்ணீர் ஊற்றியது போல இருந்தது. எங்கள் பள்ளத்தாக்கில் ஒரே திசையில் ஓடும் காற்றைப் பார்த்துப் பார்த்து, பக்கத்தில் இருக்கிற கொடி சாய்ந்தால் கடைசி வரைக்கும் அதே காற்றுத்தான் என்று நினைத்துப் பழகியிருக்கிறேன். நான் தவறான இடத்தில் தூசியைத் தேடிக்கொண்டிருந்தேன். வலது பக்கமும் தகட்டு மேலும் தேடினேன், குண்டுகள் இடது பக்கம் விழுந்து கல்லை உடைத்துக்கொண்டிருந்தன.

"அப்ப சிறுசே போதும்னு சொல்லுறியா ஆத்தா?" விளிம்பிலிருந்து திரும்பி வந்த ஹவில்தார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் வந்திருந்தார்.

டீச்சர் தலையை ஆட்டி மறுத்தார். "கல்லு உடைஞ்சதாலதான் எனக்குத் தெரிஞ்சுது. அதுவும் சுட்டு இவ்வளவு நேரம் கழிச்சு. அங்கன புல்லுல என்ன உடையும்?"

"அதானே."

"சிறுசு இந்தத் தூரத்துக்கு இல்லண்ணே. நீங்க அன்னைக்கே சொன்னீக. நாந்தான் கேக்கல."

ஆடுகள் கொடிக்கு வெளியே போய்விட்டன. மேய்க்கிறவர் துண்டை உயர்த்திக் காட்டினார். ஹவில்தார் விசிலைச் சட்டைப்பையில் போட்டார். எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிட்டது. விரிப்பு காத்திருந்தது, பெரிய துப்பாக்கி வாயைத் திறந்து கிடந்தது, அந்த ஒற்றைத் தோட்டா விரிப்பின் ஓரத்தில் டீச்சர் வைத்த இடத்திலேயே இருந்தது. அவர் எழுந்து போவார் என்று நாங்கள் நின்றோம். நான் முக்காலிக்காகக் காத்திருந்தேன். மனதுக்குள் துஆ ஓதிக்கொண்டிருந்தேன் என்றால் யாரும் சிரிக்கவேண்டாம்.

"களம் காலி" என்றார் ஹவில்தார். "சாயங்காலம் நான் எதுன்னு சொல்லணும் ஆத்தா."

"பெருசுதான். நான் மாத்திச் சொல்லலையே."

ஹவில்தார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் டீச்சர் தன் வலது தோளில் கட்டியிருந்த தோல் மெத்தையின் வாரை அவிழ்த்தார். கல்லூரி நாளிலிருந்து வைத்திருந்த மெத்தை, அவருடைய தோளின் வளைவுக்கே பதிந்துபோனது. அதைத் திரும்பிப் பார்க்காமல் பின்பக்கமாக என்னிடம் நீட்டினார்.

"உங்களுக்கு இறுக்கமாத்தான் இருக்கும். வாரைக் கடைசி ஓட்டையில போட்டுக்கங்க."

"டீச்சர், நான்..."

"போயிப் படுங்க பாய். காத்தை நான் சொல்லுறேன்."

நான் ஹவில்தாரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. காலுக்கடியில் தள்ளியிருந்த பெட்டியைக் குனிந்து எடுத்துத் திறந்தார். இந்த முறை ஒன்றோடு நிறுத்தாமல் கை நிறைய எடுத்தார். நான் மெத்தையைக் கட்டிக்கொண்டு விரிப்பில் படுத்தேன். டீச்சரின் சூடு அதில் இன்னும் இருந்தது. கன்னத்தைக் கட்டையில் வைத்தபோது, பக்கத்தில் முக்காலி நகர்கிற சத்தம் கேட்டது. ஓரக்கண்ணால் பார்த்தேன். டீச்சர் முக்காலியை இன்னும் கிட்டே இழுத்துப்போட்டு உட்கார்ந்து, என் கண்ணுக்கு நான் இத்தனை நாள் வைத்திருந்த தொலைநோக்கியின் திருகைத் தன் இடது கண்ணுக்குச் சரியாக, மெதுவாகத் திருப்பிக்கொண்டிருந்தார்.